உங்களுக்குத் தெரியுமா? நீட் கைடு வாங்கக் கிளம்பும் முன்...

மே மாதம் ஊட்டிக்கு சீசன். மலர்க் கண்காட்சிக்கு வண்டிகள் வரிசை கட்டும் அதே மாதத்தின் முதல் ஞாயிறன்றுதான் பெரும்பாலும் நீட் தேர்வும் வருகிறது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சு: எந்த கைடு வாங்கலாம்? அந்தக் கேள்வியோடு கடைக்குப் போகிறவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

வாசிப்புக்குத் தனி மதிப்பெண்

மருத்துவ நுழைவுத் தேர்வில் வாசிப்புப் பகுதியா, அதெல்லாம் அமெரிக்காவில்தானே என்று நினைப்போம். பக்கத்திலேயே இருந்தது. புதுச்சேரி ஜிப்மர் 2019 வரை தனியாக நடத்திய எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்குத் தலா 60 கேள்விகள். மிச்சம் 20இல் பத்து, ஆங்கில மொழியும் பத்தி வாசித்துப் புரிந்துகொள்வதும். பத்து, தர்க்கமும் கணக்கும். 2020 முதல் ஜிப்மருக்கும் எய்ம்ஸுக்கும் நீட் ஒன்றே வழி என்றானது. பழைய புத்தகக் கடையில் 'ஜிப்மர் கைடு' என்று அட்டை போட்டது கிடைத்தால், அந்தப் பெயரில் இப்போது தேர்வு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

வெலிங்டன் பிள்ளைகள் கவனிக்க

இன்றும் வாசிப்பைத் தனியாகச் சோதிக்கும் மருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு: புனே ராணுவ மருத்துவக் கல்லூரி. நீட் மதிப்பெண்ணை வைத்துச் சுருக்கப் பட்டியல் போட்டு, அதில் வந்தவர்களை நேரில் அழைத்து, ஆங்கில மொழி, புரிதல், தர்க்கம், காரண அறிவு ஆகியவற்றில் ஒரு தேர்வு வைக்கிறார்கள். 40 கேள்விகள், 80 மதிப்பெண், 30 நிமிடம். பிறகு நேர்காணல். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த வெலிங்டன் பக்கத்தில் இந்தக் கல்லூரிமேல் கண் வைத்திருப்பவர்கள் பலர். அவர்களில் நிறையப் பேர் நீட் முடிந்தபிறகே ஆங்கிலத்தைத் தொடுகிறார்கள். அரை மணி நேரத் தேர்வுதானே என்ற அலட்சியம். வாசிப்புப் பழக்கம் நாலு வாரத்தில் வந்துவிடாது.

நீட்டில் வாசிப்புப் பகுதி இல்லையா?

பெயரளவில் இல்லை. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறினால் 1 குறையும். பாதிக் கேள்விகள் உயிரியல். அந்தப் பாதியில் 'கூற்று – காரணம்', 'வாக்கியம் 1 – வாக்கியம் 2', 'பொருத்துக' என்று வாக்கியங்களை அடுக்கிக் கேட்பது இப்போது சகஜம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால், அந்த நிமிடத்தில் பெரும்பங்கு வாசிப்பதற்கே போய்விடும். பாடம் தெரிந்தும் மதிப்பெண் போச்சே என்று புலம்பும் பிள்ளைகளிடம் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். 'தவறானதைத் தேர்ந்தெடு' என்ற இடத்தில் சரியானதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

தேயிலைக் கொழுந்து கேட்ட கேள்வி

நீலகிரிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டிய ஒரு கேள்வி நீட்டில் வந்திருக்கிறது. தேயிலைச் செடியின் தண்டு நுனியைக் கிள்ளினால் இலை விளைச்சல் கூடுகிறதே, ஏன்? நாலு விடைகள். பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்த ஆக்சினின் தாக்கம் நீங்குவதால் என்பது ஒன்று. ஆக்சின் இளம் இலைகள் உதிராமல் தடுப்பதால் என்பது இன்னொன்று. மற்ற இரண்டும் ஜிப்ரலினைப் பற்றியவை.

பாடப் புத்தகத்தில் இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். செடியின் நுனி மொட்டு வளர்ந்துகொண்டிருக்கும்வரை கீழே உள்ள பக்க மொட்டுகள் தலைதூக்காது. நுனியை எடுத்துவிட்டால் அவை கிளைக்கும். தேயிலைத் தோட்டத்திலும் வேலிச் செடி வளர்ப்பிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. கவ்வாத்து வெட்டிய செடி பக்கவாட்டில் பரந்து மேசைபோல் நிற்பதைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு முதல் விடை உடனே பிடிபட வேண்டும்.

ஆனால் இரண்டாவது விடையைப் பாருங்கள். ஆக்சின் இளம் இலைகள் உதிராமல் காக்கிறது என்பதும் அதே பாடத்தில் உள்ள உண்மைதான். மனப்பாடம் செய்தவர் 'இது படித்த வரி' என்று அதில் வட்டம் போட்டுவிடுவார். உண்மை, ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லை. உலகம் முழுக்க வாசிப்புத் தேர்வு தயாரிக்கிறவர்கள் வைக்கும் பொறி இதுவே. எனவே கைடு வாங்கும்போது இப்படி ஒரு கேள்வியைத் தேடி எடுத்து விளக்கத்தைப் படியுங்கள். விடை எண்ணை மட்டும் போட்டிருந்தால் புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வையுங்கள். மற்ற மூன்றும் ஏன் பொருந்தாது என்று எழுதியிருந்தால் வாங்கலாம். என்னைக் கேட்டால், விலையையும் பக்க எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு சோதனை போதும்.

'ஒவ்வொரு' என்ற சொல்லுக்கு ஐந்து மதிப்பெண்

2024 நீட் இயற்பியலில் அணுவைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் கொடுத்தார்கள். முதல் வாக்கியம், அணு மின்சுமையற்றது என்பது. அதில் தகராறு இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன என்பது. பழைய என்.சி.இ.ஆர்.டி. பதிப்பில் அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பில் 'பெரும்பாலான தனிமங்கள்' என்று திருத்தியிருந்தார்கள். கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை அல்லவே!

தேர்வு முகமை முதலில் இரு தரப்புக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஜூலையில் நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று நிபுணர்கள் பார்த்து, இரண்டாவது வாக்கியம் தவறு, ஒரு விடையே சரி என்றார்கள். பழைய புத்தகத்தை நம்பிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த 4 மதிப்பெண் போனதோடு, தவறான விடைக்கு இன்னொன்றும் கழிந்தது. 720க்கு 720 வாங்கியவர்களாக அப்போது பட்டியலில் இருந்த 61 பேரில் 44 பேர் அந்த இடத்தை இழந்தார்கள். மிஞ்சியவர் 17 பேர்.

அண்ணன் படித்த புத்தகமே தம்பிக்கும் போதும் என்கிற பெற்றோர் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

உக்கடத்தில் மலிவு, ஆனால்...

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் நீட் கைடுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்குங்கள், தப்பில்லை. அதற்கு முன் உள்ளடக்கப் பக்கத்தைத் திருப்புங்கள். பதினோராம் வகுப்பு உயிரியலில் 'தாவரங்களில் கடத்து முறை', 'கனிம ஊட்டம்', 'செரித்தலும் உட்கிரகித்தலும்' ஆகிய பாடங்கள் இருக்கின்றனவா? பன்னிரண்டாம் வகுப்பில் 'சுற்றுச்சூழல் பிரச்சினைகள்' தனிப் பாடமாக இருக்கிறதா? இருந்தால் அது என்.சி.இ.ஆர்.டி. பாடக்குறைப்புக்கு முந்தைய பதிப்பு. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 38 பாடங்களாக இருந்த உயிரியல் இப்போது 32. நீட் பாடத்திட்டமும் 2024 தேர்விலிருந்து அதையொட்டி மாறிவிட்டது.

ஓர் உதாரணம் மலைவாசிகளுக்குப் பிடிக்கும். உயரமான இடத்துக்குப் போனால் மூச்சு வாங்குவதும் பிறகு உடல் பழகிக்கொள்வதும் பழைய பதிப்பில் ரோதாங் கணவாயை உதாரணம் காட்டி விளக்கப்பட்டிருந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிப் பிள்ளைகள் ரசித்துப் படித்திருப்பார்கள். அந்தப் பகுதியே இப்போது புத்தகத்தில் இல்லை.

நம் ஊர் சோலை புத்தகத்தில் இல்லை

கோயில் காடுகள் எங்கெங்கே உள்ளன? காசி, ஜெயின்டியா குன்றுகள், ராஜஸ்தானின் ஆரவல்லி, கர்நாடக – மகாராஷ்டிர மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகள், சர்குஜா, சந்தா, பஸ்தர் என்று அடுக்குகிறது என்.சி.இ.ஆர்.டி. தமிழ்நாடு அதில் கிடையாது. நீலகிரியில் பழங்குடிகள் தெய்வம் குடியிருக்கும் இடமாகக் காத்துவரும் சோலைகளை நேரில் பார்த்த பிள்ளைக்கு இது அநியாயமாகத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் தேர்வில் புத்தகம் சொன்னதற்குத்தான் மதிப்பெண். தனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, கொடுத்த வாசகத்துக்குள் நின்று பதில் சொல்வதும் வாசிப்புத் திறனில் ஒரு பகுதிதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு

நீட்டைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். ஆனால் அடிப்படை நூலாகச் சொல்லப்படும் என்.சி.இ.ஆர்.டி. மேல்நிலைப் புத்தகங்கள் வழக்கமாக ஆங்கிலம், இந்தி, உருதுவில்தான் வெளிவந்திருக்கின்றன. தமிழ் வழி மாணவருக்கு நம் மாநிலப் பாடநூலே கை கொடுக்கும்: உயிரி–தாவரவியல், உயிரி–விலங்கியல் என்று இரண்டாகப் பிரித்து, புதிய பாடத்திட்டத்தில் 2018இலும் 2019இலும் வந்தவை.

2018 தேர்வில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. சிறுத்தையைக் குறிக்கும் 'சீட்டா' என்ற ஆங்கிலச் சொல் தமிழில் 'சீத்தா' ஆகிவிட்டது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை போட்டு, நவம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்தது. தமிழில் எழுதிய சுமார் 24,000 பேருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரு மொழிகளுக்கும் இடையே முரண்பாடு வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் அச்சாகியிருக்கும். எனவே தமிழ் கைடு வாங்கினால், கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் வாக்கியம் இடறினால் கண்ணை ஆங்கில வரிக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை மாதிரித் தேர்விலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1928இலிருந்து

அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுபோவது அதிகமாக இருந்ததால், ஃபிரெட் மாஸ் என்பவரின் தலைமையில் 1928இல் ஒரு நுழைவுத் தேர்வு உருவாக்கினார்கள். அச்சிட்டதைப் படித்துப் புரிந்துகொள்வது அன்றே அதில் ஒரு பகுதி. அதன் வாரிசான எம்கேட் தேர்வில் இப்போது வாசிப்புக்கென்றே 90 நிமிடம்: 9 பத்திகள், 53 கேள்விகள். தத்துவம், இசை, ஓவியம், பொருளாதாரம் என்று பலவும் வரும். வெளி அறிவு தேவையில்லை, விடை பத்திக்குள்ளேயே இருக்கும்.

இந்தப் பகுதிக்குக் கடைகளில் கைடுகள் குவிந்திருக்கின்றன. ஸ்டான்லி கப்லன் 1938இல் நியூயார்க்கின் புரூக்ளினில் வீட்டின் அடித்தளத்தில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது பிறகு ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. ஆனால் தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே வாசிப்புக் கேள்விகளைத் தனித் தொகுப்பாக விற்கிறது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் பிள்ளைகள் யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: முதலில் சங்கத்தின் தொகுப்பு, பிறகுதான் மற்றவை. கேள்வி கேட்பவரின் மனப்போக்கை வேறொரு பதிப்பகம் எவ்வளவு முயன்றாலும் அப்படியே நகலெடுக்க முடியாது.

அரை நிமிடத்துக்கு ஒன்று

பிரிட்டனின் யூகேட் தேர்வில் வாசிப்புப் பகுதிக்கு 22 நிமிடம், 44 கேள்விகள். சில கேள்விகளுக்கு 'சரி', 'தவறு' தவிர மூன்றாவதாக ஒரு விடை: 'சொல்ல முடியாது'. நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அதில்தான். பதில் இல்லை என்பதும் ஒரு பதில் என்று நாம் பழக்குவதில்லை. ஊட்டியில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் படித்து பிரிட்டன் போக நினைக்கும் மாணவர்கள் காசு கொடுத்து கைடு வாங்குவதற்கு முன், தேர்வு அமைப்பே தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வுகளை முடித்துவிடலாம். இன்னொன்று: வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவம் பார்க்க விரும்பினால் நீட்டிலும் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

மலையகச் சொந்தங்கள்

1964 இந்திய – இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தர உருவானதுதான் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ. அவர்களின் உறவினர் நுவரெலியாவில் இன்னும் இருக்கிறார்கள். அங்கே மருத்துவத்துக்குத் தனி நுழைவுத் தேர்வே கிடையாது. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் கணக்கு. அதைத் தமிழிலேயே எழுதலாம்.

குன்னூர் எலிகளிடம் ஒரு வாசிப்புப் பாடம்

1907இல் திறந்த குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சி செய்தார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அங்கேதான். பஞ்சாப் பக்கத்து உணவை ஒரு கூட்ட எலிகளுக்கும் சென்னை மாகாணத்து உணவை இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். முதல் கூட்டம் கொழுகொழுவென்று வளர்ந்தது.

இதைப் பத்தியாகக் கொடுத்து, 'அரிசியைவிடக் கோதுமை சிறந்தது என ஆய்வு நிரூபிக்கிறது – சரியா?' என்று கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். பஞ்சாப் உணவில் முழுக்கோதுமையோடு பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி எல்லாம் இருந்தன. மாகாண உணவில் தீட்டிய அரிசி மிகுதி, பால் சொற்பம். வேறுபட்டது தானியம் மட்டுமல்ல. இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தரும் புத்தகமே நல்ல வாசிப்புப் பயிற்சி நூல். வேகமாகப் படிக்கும் உத்தி, முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு என்று முதல் ஐம்பது பக்கத்தை ஓட்டும் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காசில்லாமல் எவ்வளவு?

என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் தமிழ்நாடு பாடநூல்களும் அரசு இணையதளங்களில் இலவசம். தேசியத் தேர்வு முகமை வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் வெளியிடுகிறது. விடைக்குறிப்பில் தவறு கண்டால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஊட்டியில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. (1859இல் தொடங்கிய நீலகிரி லைப்ரரி வேறு, அது உறுப்பினர்களுக்கானது.) இவற்றை முடித்த பிறகும் கையில் ஒன்று வேண்டுமென்றால், பாடத்துக்கு ஒரு கைடு வாங்குங்கள். 'பத்தாயிரம் கேள்விகள்' என்று அட்டையில் கத்தும் புத்தகத்தில் பழைய கேள்விகளே எண் மாறி வரும்.

கடைசியாக, சீட்டு

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. 150 இடங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டில் 7.5 சதவீதம் 2020 முதல் உண்டு. இந்த மலையிலேயே இருந்து டாக்டராக முடியும் என்ற நிலை முந்தைய தலைமுறைக்கு இல்லை.

தேர்வு எழுதி முடித்த அக்காமார், அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கைடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், படித்த பள்ளி நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது முதல் பக்கத்தில் எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தெந்தப் பாடம் இப்போது நீக்கப்பட்டது, எந்தப் பக்கத்தில் விடை தவறு என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.